வெறும் நெத்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாட்டில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். பிரஷாந்தினி மிஸ் டியூட்டி எண்டா பாதி வருத்தம் பயத்திலயே மாறிடும் எண்டு ஒரு அம்மா என்ர முகத்துக்கு நேரவே சொன்னவா. சொல்லட்டும். கட்டில் எல்லாம் நிறைஞ்சு நிலத்திலயும் பாய் போட்டுச் சனம் படுத்திருக்கேக்க, ரெண்டு நேர்ஸ் நிண்டு இழுபட்டா ஆற்ர வாயும் நீளத்தான் செய்யும். எந்த ஆசுபத்திரி எண்டு மட்டும் கேக்காதேங்கோ. வன்னிக்குள்ள ஒண்டு, அதில பெண்கள் வாட்டு, அவ்வளவும் தெரிஞ்சாக் காணும்.

போன வருஷம் எங்களைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு வைச்சவை. நோயாளியின்ர ஆன்மீகத் தேவைகளை இனங்காணுறதாம். திரையில பெரிய எழுத்தில போட்டு ஒருத்தர் கதைச்சுக்கொண்டு நிண்டார். ஊசி போடவே நேரமில்லை, இதுக்குள்ள ஆன்மீகம் ஒண்டு குறையாக் கிடக்கு எண்டு பக்கத்தில இருந்தவளின்ர காதுக்குள்ள நான் சொன்னன். ஆனா அந்த மனுசன் சொன்ன ஒரு கதை மண்டைக்குள்ள நிண்டிட்டுது. சாகக் கிடக்கிற ஆளுக்கு நோவு உடம்பில மட்டுமில்லை, என்ன வேணும் எண்டு கேட்டுப் பாருங்கோ, கேட்டபிறகு செய்யுங்கோ எண்டவர். எனக்குக் கேக்கிறதுக்குப் பொறுமை எங்க கிடக்கு? நான் செய்யிற பகுதியை மட்டும் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன்.

அதுக்குப் பிறகுதான் சிவனேஸ்வரி அம்மா வந்தவா. ஸ்கந்தபுரம் ஆள், வயல் செய்யிற குடும்பம். கான்சர் ஈரல் முழுக்கப் பரவிட்டுது, இனி மருந்தால ஒண்டும் ஏலாது, வீட்டுக்குக் கிட்ட இருக்கட்டும் எண்டு பெரியாசுபத்திரியில இருந்து எங்களிட்ட அனுப்பிப்போட்டினம். மகன் பிரதாபன்தான் ஓட்டோவில தாங்கிக்கொண்டு வந்தவன். அண்டைக்கு அவாவுக்கு நெருப்பாக் கொதிக்கிற காய்ச்சல். நினைவு தப்பி, பின்னால வாறார், பின்னால வாறார் எண்டு அனத்திக்கொண்டு கிடந்தவா. நான் ஈரத்துணியால உடம்பு முழுக்கத் துடைச்சன். நெத்தியில இருந்த குங்குமம் கரைஞ்சு மூக்கால வழிஞ்சுது. அதையும் சேத்து வழிச்சுத் துடைச்சுப்போட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டன்.

கொண்டுவந்த பையையும் நான்தான் மகனிட்டத் திருப்பிக் குடுத்து விட்டனான். கோப்பை, துவாய், சவுக்காரம், இவ்வளவும் போதும், வீட்டையே கட்டிக்கொண்டு வந்தா நாங்கள் எங்க நிக்கிறது எண்டு அவனுக்கு நல்லா ஏச்சும் குடுத்தன். பாவம், அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு வாங்கிக்கொண்டு போனவன்.

காய்ச்சல் விட்டாப் பிறகு பாத்தா, அவா நல்ல பகிடிக்காரி. என்னை மிஸ் எண்டு கூப்பிடுறதில்லை, பிள்ளை எண்டுதான். இந்த வாயோட உன்னை ஆர் கட்டினது எண்டு கேட்டவா. கட்டினவர் காது கேளாத மனுசன் எண்டு நானும் பகிடிக்குச் சொன்னன். நோவோட கிடந்துகொண்டும் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சவா. எனக்கு அவாவைப் பிடிச்சுப்போச்சு. வாட்டில எல்லாரையும் ஒரு மாதிரித்தான் பாக்கவேணும், ஆனா மனம் கேக்குமே?

ரெண்டு விஷயம் மட்டும் எனக்கு விளங்கேல்லை. ஒண்டு, அடிக்கடி கையைக் கொண்டுபோய் நெத்தியைத் தடவிப் பாப்பா. தலையிடியாக்கும் எண்டு நான் பனடோல் குளிசை குடுத்தன். மற்றது, ஆக்கள் பாக்க வாற நேரம் ஆச்செண்டா, தலைமாட்டை உயத்திவிடச் சொல்லிப்போட்டு வாசலைப் பாத்துக்கொண்டே இருப்பா. மகன் வருவான். வந்து கதிரையில இருந்து கஞ்சி பருக்குவான். அவன் பருக்கப் பருக்க, அவா அவனுக்குப் பின்னால வாசலைத்தான் பாப்பா. இன்னும் ஆர் அம்மா வரவேணும் எண்டு ஒருநாள் கேட்டன். வாறன் எண்டு சொன்ன ஆள் ஒராள் இருக்கு எண்டவா. அதில நிண்டு இன்னும் ஒரு சொல் கேட்டிருக்கலாம். எனக்கு அங்கால சேலைன் முடியுது, ஓடிட்டன்.

எங்கட ஆசுபத்திரி வளவுக்குள்ள ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கு. வெள்ளிக்கிழமையில ஐயர் வந்து பூசை செய்வார். எனக்கு அந்த வகுப்புக் கதை ஞாபகம் வந்திட்டுது. சைவக்காரி, சாகக் கிடக்கிறா, எழும்பிக் கோயிலுக்குப் போக ஏலாது, அப்ப கோயிலைக் கட்டிலடிக்குக் கொண்டுவருவம் எண்டு நானே முடிவெடுத்தன். ஐயரிட்டப் போய், பூசை முடியத் தட்டோட வாட்டுக்கு ஒருக்கா வாங்கோ எண்டன். அவர் நல்ல மனுசன். மறுபேச்சு இல்லாம வந்தவர். கட்டில் கட்டிலா விபூதி, சந்தனம், குங்குமம் குடுத்துக்கொண்டு போனவர். நான் வாசலில நிண்டு பாத்தன், எனக்கெண்டா அண்டைக்குப் பெருமை தாங்கேலாது. வகுப்பெடுத்த மனுசன் வந்து பாக்கேல்லையே எண்டுகூட நினைச்சன்.

அடுத்தநாள் காலமை சிவனேஸ்வரி அம்மா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்திட்டா. கஞ்சி வேண்டாம். குளிசை வேண்டாம். நோவுக்குப் போடுற ஊசிகூட வேண்டாம். நான் பக்குவமாச் சொல்லிப் பாத்தன், பிறகு ஏசிப் பாத்தன். கண்டறியாத பிடிவாதம், சாப்பிடாமக் கிடந்தா ஆருக்கு நட்டம் எண்டு சத்தம் போட்டன். திரும்பியே பாக்கேல்லை. பின்னேரம் மகன் வந்தான். வாசலைக்கூடப் பாக்காமச் சுவரைப் பாத்துக்கொண்டே கிடந்தவா. அதைக் கண்டவுடன ஏச்சு, கோவம் எல்லாம் அந்த இடத்தில நிண்டுபோச்சு.

பக்கத்துக் கட்டில் அமராவதி அக்கா, சலரோகத்தால காலில புண்ணோட வந்து கிடக்கிற புளியங்குளத்து ஆள். புண்ணுக்கு மருந்து கட்டேக்க மெல்ல என்ர கையைப் பிடிச்சவா. மிஸ், உங்கட ஐயர் அந்த மனிசியைச் சாகடிச்சுப்போட்டார் எண்டு சொன்னவா. எனக்கு விளங்கேல்லை. பிறகுதான் எல்லாம் சொன்னவா.

கடைசிச் சண்டை முடிஞ்சு வட்டுவாகல் பாலத்தால சனம் வெளிய வரேக்க, சிவனேஸ்வரி அம்மாவின்ர மனுசன் பரமலிங்கத்தார் கூடத்தான் வந்தவராம். ஆம்பிளையள் இஞ்சால வாங்கோ எண்டு ஆமிக்காரர் பிரிக்கேக்க, நீ பெடியனைக் கூட்டிக்கொண்டு முன்னால நட, நான் பின்னால வாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. தாலியை அதுக்கு முந்தியே மாத்தளனில அரிசிக்குக் குடுத்தாச்சு. அப்ப அவாவுக்கு எண்டு மிஞ்சினது அந்தக் குங்குமம் ஒண்டுதான். அகதி முகாமில தண்ணிக்கு அடிபட்ட நாளிலயும் முகம் கழுவிப் பொட்டு வைக்காம இருக்கேல்லையாம்.

ஐயர் தட்டோட கட்டிலடிக்கு வந்திருக்கிறார். விபூதி குடுத்திருக்கிறார். குங்குமத்தில விரலை வைச்சவர், அவாவின்ர நெத்தியைப் பாத்திருக்கிறார். வெறும் நெத்தி. தாலியும் இல்லை. புருஷன் இல்லாத ஆளுக்குக் குங்குமம் குடுத்து மனத்தை நோகடிக்கக் கூடாதெண்டு, அந்த விரலை அப்பிடியே எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய் அமராவதி அக்காவுக்கு வைச்சு விட்டிருக்கிறார். சிவனேஸ்வரி அம்மா கையை நீட்டினபடி இருந்தவாவாம். பிறகு கையை மடக்கிக்கொண்டு, பிள்ளையாருக்குத் தெரிஞ்சிருக்கு அக்கா, எனக்குத்தான் இவ்வளவு நாளும் தெரியேல்லை எண்டு சொன்னவாவாம்.

 ஐயோ, துடைச்சது நான் எல்லே. அந்த நெத்தியை வெறுமையாக்கினதும் நான், குங்குமம் இருந்த பையைத் திருப்பி அனுப்பினதும் நான், அந்த வெறும் நெத்திக்கு முன்னால ஐயரைக் கொண்டுபோய் நிப்பாட்டினதும் நான். ஆன்மீகத் தேவையாம், மண்ணாங்கட்டியாம். ஒரு சொல் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

மருந்து கட்டி முடிச்ச கையோட கோயிலுக்கு ஓடினன். பூட்டிக் கிடந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்கே போனன். நடந்ததைச் சொன்னன். மனுசன் முகம் கறுத்துப்போச்சு. நெத்தி வெறுமையா இருந்தது பிள்ளை, நான் என்னத்தைக் கண்டன் எண்டு ரெண்டுதரம் சொன்னவர். பிறகு உள்ள போய்க் குங்குமம் எடுத்துக்கொண்டு வந்து, நானே வந்து குடுக்கட்டோ எண்டு கேட்டவர். வேண்டாம் ஐயா, பிழை விட்டது நான், நானே போறன் எண்டு வாங்கிக்கொண்டு வந்தன்.

வந்து கட்டிலுக்கு அங்கால பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில நெரிஞ்சுகொண்டு போய் இருந்தன். அப்பதான் முகம் தெரியும். அவா கண்ணை மூடிக்கொண்டா.

"அம்மா, பிள்ளையார் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை," எண்டன். "உங்கட பொட்டைத் துடைச்சது நான். காய்ச்சலுக்குத் துடைச்ச துணியால துடைச்சிட்டன். ஐயர் அது தெரியாம விட்டிட்டுப் போனவர். என்ர ஈரத்துணிக்கு உங்கட மனுசனைப் பற்றி என்ன தெரியும்?"

கண் திறந்திச்சு.  ஆசுபத்திரிச் சட்டமாக்கும், காப்புக் கழட்டச் சொல்லுற மாதிரி இதையும் எடுக்கிறவையாக்கும் எண்டு நினைச்சுத்தான் முதல் பேசாம இருந்தவாவாம். கேட்டா நீ ஏசுவாய் எண்டும் நினைச்சனான் எண்டா. அந்தச் சொல் எனக்கு முகத்தில அடிச்ச மாதிரி இருந்தது. உண்மைதானே, ஏசித்தான் இருப்பன்.

குங்குமத்தை நீட்டினன். வைச்சு விடட்டோ எண்டு கேட்டன், இந்தமுறை கேட்டன். இல்லை, நானே வைக்கிறன் எண்டு எழும்பி இருந்தவா. வாட்டில கண்ணாடி ஏது? என்ர போனில கமெராவைத் திருப்பி முகத்துக்கு நேர பிடிச்சன். விரலால தடவித் தடவி, ஒருமாதிரி நடுவில வைச்சு முடிச்சா. பிறகும் போனை விடேல்லை. தன்ர முகத்தைப் பாத்துக்கொண்டே இருந்தா. எனக்குக் கண் கலங்கி, மூக்கைச் சிந்திக்கொண்டு, காணும் அம்மா, போன் பற்றரி இறங்குது எண்டு சும்மா ஒரு ஏச்சு ஏசினன். அதுக்குச் சிரிச்சா. கஞ்சியும் கொஞ்சம் குடிச்சா.

அடுத்தநாள் உடம்பு துடைச்சு முடிய, நான் கேக்காமலே என்ர கையைப் பிடிச்சு இருத்தினா. மகன் தகப்பனைச் செத்த ஆளாக் கணக்கெடுத்து அந்தியேட்டிக் கிரியை செய்து முடிச்ச கதையைச் சொன்னா. அவன் தாய்க்குச் சொல்லாமத்தான் கீரிமலைக்குப் போய்ச் செய்தவனாம். தனக்குத் தெரியும் எண்டு இவாவும் சொல்லேல்லையாம்.

"மீசையை வழிச்சுப்போட்டு வந்து நிண்டவன் பிள்ளை. என்னடா எண்டு கேட்டா, வெயிலுக்கு எடுத்தனான் எண்டான். நான் பேசாம விட்டிட்டன். அவன் மகன். தகப்பன்ர ஆத்மா அலையக்கூடாதெண்டு செய்தவன், அது அவன்ர கடமை. ஆனா நான் பெண்சாதி. வாறன் எண்டு சொல்லிப்போட்டு நிண்ட மனுசனுக்கு நான் காத்துக்கொண்டு இருக்கவேணும். அது என்ர கடமை."

கொஞ்சம் மூச்செடுத்தா. பிறகுதான் வேண்டினதைக் கேட்டா.

"நான் கண்ணை மூடினா நீதானே என்ர முகம் துடைப்பாய்? துடைச்சிட்டுத் திரும்ப வைச்சு விடு. அவர் அங்க இருந்தாலும் சரி, இஞ்ச எங்கயும் இருந்தாலும் சரி, என்னை அடையாளம் பிடிக்கவேணும்."

வைக்கிறன் அம்மா எண்டு சொல்லிப்போட்டன். வாயால சொல்லுறது லேசு. செத்த உடம்புக்குச் சொந்தக்காரன் மகன் எல்லே. வெள்ளைச் சீலையோ கூறைச் சீலையோ, பொட்டோ வெறும் நெத்தியோ, அதெல்லாம் அவன்ர முடிவு. அதால அண்டைக்குப் பின்னேரமே அவனைத் தண்ணிப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சன். தாய் கேட்டதை அப்பிடியே சொன்னன். தாய்க்கு எல்லாம் தெரியும் எண்டதையும் சொன்னன். அவன் பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவினான், பிறகும் கழுவினான்.

அவன்ர கதையிலயும் நியாயம் இருந்தது. சின்ன வயசில இருந்து ஒவ்வொரு வாசலா, ஒவ்வொரு விசாரணையா, தாய்க்குப் பின்னால தகப்பன்ர படத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவன். கலியாணம் கட்டி, பிள்ளை பிறந்து, பிள்ளைக்குத் தாத்தா எங்க எண்டு சொல்லத் தெரியாம நிண்டவன். ஒருநாள் இனி ஏலாது எண்டு தனிய பஸ் ஏறிப் போய்ச் செய்து முடிச்சிருக்கிறான். அண்டைக்குத்தான் தனக்கு நித்திரை வந்தது எண்டான்.

"நான் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சிட்டன் மிஸ்," எண்டான். "இப்ப அம்மாவைக் குங்குமத்தோட சுடலைக்கு அனுப்பினா, உயிரோட இருக்கிற மனுசனுக்கோ நான் அதை இறைச்சனான்?"

 இந்த நீள வாயால யோசிச்சுச் செய்யுங்கோ தம்பி எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்திட்டன். பிறகு நானும் அவனும் அந்தக் கதையை எடுக்கேல்லை. அவன் ஒவ்வொருநாளும் வந்தான், கஞ்சி பருக்கினான், தாயின்ர நெத்தியைப் பாக்காமப் பருக்கினான். அவா தன்ர பாட்டில வாசலைப் பாத்துக்கொண்டிருந்தா. நான் மற்றவையோட டியூட்டியை மாத்தி மாத்தி எடுத்துக்கொண்டு நிண்டன். நான் இல்லாத நேரம் பாத்துப் போயிடுவாவோ எண்டு எனக்குப் பயம்.

ஒரு மத்தியானம், சோத்து வண்டில் வாட்டுக்குள்ள வரேக்க, அவா போனா. மகன் பக்கத்தில இருந்தவன். சத்தம் ஒண்டும் இல்லை, மூச்சு நீண்டு நீண்டு வந்து பிறகு வரேல்லை. டொக்டர் வந்து பாத்திட்டுப் போனார். நான் திரையை இழுத்து மூடினன். இந்த வேலைக்குச் சொந்தக்காரரை வெளிய நிக்கச் சொல்லுறதுதான் வழமை. பிரதாபன் எழும்பேல்லை. நானும் எழும்பச் சொல்லேல்லை.

கண்ணை மூடி விட்டன். வாய் திறக்காம நாடியைத் துணியால கட்டினன். இளஞ்சூட்டுத் தண்ணியில துணியை நனைச்சு முகத்தைத் துடைச்சன். நெத்திக்கு வரேக்க கை ஒருக்கா நிண்டது. வேர்வையில பொட்டுக் கரைஞ்சு வழிஞ்சிருந்தது, துடைக்காம விடவும் ஏலாது. துடைச்சன். வெறும் நெத்தியோட அவாவைப் பாக்க என்னால ஏலாமக் கிடந்தது. குங்குமம் கிட்டத்தான் இருந்தது. வைச்சா அந்தப் பெடியன்ர நித்திரையைப் பறிக்கிறன். வைக்காட்டி அந்த மனிசிக்குக் குடுத்த சொல்லு. ஈரத்துணியோட அப்பிடியே நிண்டன்.

தம்பி, என்ன செய்யட்டும் எண்டு கேட்டன்.

அவன் தாயின்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மீசை திரும்ப நல்லா வளந்திருந்தது. அழுகிறானோ எண்டு பாத்தன், அழேல்லை. எழும்பிக் குங்குமத்தை எடுத்து என்ர கையில தந்தான்.

நான் விரலில தொட்டு நடுநெத்தியில வைச்சன். சின்னனாத்தான் விழுந்தது. போதுமாக்கும் எண்டு கையை எடுத்தன்.

"கொஞ்சம் பெரிசா வையுங்கோ மிஸ்," எண்டான். "அப்பாவுக்கு அப்பிடித்தான் பிடிக்கும்."